காது வைத்து வாங்கிய லேப்டாப்

அண்ணன் அடெமார் செத்துப் பத்தொன்பது நாளாகியும் நெலிடாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பெல்லாம் மரத்துக் கிடந்தது. வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவனோடு கடைசியாகப் பதிவு செய்த வாசிப்பைக் கேட்க வேண்டும். அன்றைக்கு, "தாளத்தை முந்திக்கிட்டு ஓடறே, உன்னாலதான் பாட்டே குட்டிச்சுவராப் போச்சு" என்று அவன் கத்த, "ஓடறது நீதான்" என்று இவள் கத்த, பேச்சு நின்றது. நாலாம் நாள் அவனுக்கு மாரடைப்பு. ஓடியது யார் என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

கேட்கத்தான் வழியில்லை. மோன்டேவிடியோவில் கண்டோம்பே என்கிற தெரு முரசு இசையை வாசிக்கிறவர்கள், தோல் முறுக்கேறத் தெருவோரம் தீ மூட்டி முரசுகளைச் சுற்றிச் சாய்த்து வைப்பார்கள். தூறலில் நனைந்த லேப்டாப்பையும் காயட்டும் என்று அந்த வரிசையிலேயே வைத்த புத்திசாலி நெலிடா. டிஸ்க் மட்டும்தான் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு, பெரிய முரசு வாசிக்கும் யமாண்டுவோடு புது லேப்டாப் வாங்கக் கடைக்கு வந்திருந்தாள்.

"தீயில காயவெச்சீங்களா?" கடைக்காரன் எலிசேயோ வாயைப் பிளந்தான்.

"தோலு காயுது, இது காயாதான்னு நெனச்சுட்டா மகராசி" என்றான் யமாண்டு.

எலிசேயோ கலர் விளக்கு மின்னும் ஒன்றைத் திறந்து வைத்தான். "ஒரே நேரத்துல பதினாறு டிராக் பதியலாம்க்கா. குதிரை!"

நெலிடா திரையைப் பார்க்கவேயில்லை. குனிந்து அதன் விலாவில் காதை வைத்தாள். "இரையுது."

"உள்ள விசிறி ஓடுதுக்கா. வேலை பெருசாச்சே, சூடாகும்."

"வேண்டாம்."

அடுத்ததும் வேண்டாம். அதற்கடுத்ததும்.

"எல்லாரும் கண்ணால பார்த்து வாங்குவாங்க. டாக்டர் மாதிரி காது வெச்சுப் பார்க்கறது நீங்கதான்."

"நாங்க தனித்தனி ரூம்ல உட்கார்ந்து பதியற ஆளுங்க இல்ல தம்பி" என்றான் யமாண்டு. "மூணு பேரும் முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு வாசிப்போம். ஒருத்தன் தும்மினாலும், விசிறி இரைஞ்சாலும் மூணு மைக்லயும் விழும்." மூணு என்று விரித்த விரல்களில் ஒன்றை மடக்கிக்கொண்டான்.

நாலாவது சாம்பல் நிறம், ஒல்லி. சத்தமே இல்லை.

"மெமரி?"

"பதினாறு ஜிபி. உங்க வேலைக்குத் தாராளம்."

"பழைய டிஸ்க்கை மாட்டுங்க."

திரையில் மூன்று டிராக் வந்தது. இரண்டில் அலை ஓடியது. மூன்றாவது வெறுமை, அது அடெமாருடையது.

"இந்த ஃபைல் சூட்டுல போயிடுச்சுக்கா. எந்த மெஷின்ல போட்டாலும் திறக்காது."

யமாண்டு கெட்ட வார்த்தை சொன்னான். நெலிடாவுக்கு வருத்தம்கூட வரவில்லை. "என்னோடதைப் போடுங்க" என்றாள்.

ஹெட்ஃபோனில் அவளுடைய சின்ன முரசு டக்டக்கென்று கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் அதற்கு அடியில், ஒரு கை தூரத்தில், இன்னொரு முரசு. அவன்தான். அவளுடைய மைக்கில் விழுந்திருந்தான்.

நாலாவது நிமிடத்தில் சின்ன முரசு முந்தியது. சந்தேகமே இல்லை, ஓடினது அவள்தான். அவன் தன் தாளத்தில் நின்று அவள் மானத்தை வாங்கியிருக்கலாம். செய்யவில்லை, பாவி. கடைசி அடி வரைக்கும், மயிரிழை பிசகாமல், கூடவே ஓடியிருந்தான்.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "ஓடினது நான்தான்."

"தெரியும்டி" என்றான் யமாண்டு. "உன்னைத் தனியா விடக்கூடாதுன்னு அவன் எனக்குக் கண்ணைக் காட்டினான்."

எலிசேயோ அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டான். அதற்குள் அவள் கடைத் தரையிலேயே உட்கார்ந்து, "அண்ணா" என்று வாய்விட்டு அழத் தொடங்கியிருந்தாள்.