எடைக்கல் பெட்டி

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். இருபத்தாறு வருடத்தில் என் கண்ணில் மண்ணைத் தூவிய கடைக்காரர் ஒருவரும் இல்லை. என் மனைவி தூவினாள்.

அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்தபோது எடை நாற்பது கிலோ. மூன்று வாரத்தில் நாற்பத்தொன்றையாவது தொட வேண்டும், இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் என்று ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் சொல்லிவிட்டார். குழாய் என்றாலே அவளுக்குக் குலைநடுக்கம். எனக்கும்தான்.

சமையலறையை நான் கைப்பற்றினேன். சூப்பில் முட்டை அடித்துக் கலந்தேன். உருளைக்கிழங்கை வெண்ணெய் போட்டு மசித்தேன். எதைக் கொடுத்தாலும் இரும்பை நக்குவது போல இருக்கிறது என்பாள். கிண்ணத்தை எடைபோட்டு, மீதியையும் எடைபோட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன். திங்கட்கிழமை காலையில் அவளையும் மெஷினில் ஏற்றுவேன். முதல் வாரம் நாற்பதுக்கு மேல் இருநூறு கிராம். அடுத்த வாரம் ஐந்நூறு. மூன்றாவது வாரம் சரியாக ஒரு கிலோ. என்ன ஒழுங்கான உடம்பு என்று மெச்சிக்கொண்டே வேலைக்குக் கிளம்பினேன்.

மளிகைக் கடையில் தராசைச் சோதிக்க என் பெட்டியைத் திறந்தால் ஒரு கிலோ எடைக்கல் இருக்கும் குழி காலி. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார், உங்களுதே குறையுதே."

கல் வீட்டில், அவளுடைய ஸ்வெட்டர் பையில் இருந்தது. அன்றைக்குத் திருப்பி வைக்க மறந்துவிட்டாள்.

"என் கல்லை வெச்சே என்னை ஏமாத்திட்டியே."

"மூணு வாரமா நீங்க மெஷினைத்தான் பாக்கறீங்க. முழுங்க முடியலைன்னு சொன்னா நோட்டைப் புரட்டறீங்க. அது ஏறினாதான் சிரிக்கிறீங்க. சிரிக்கட்டுமேன்னுதான் வெச்சேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மெஷினில் ஏறினாள். நாற்பது. ஆலோசகர் என் நோட்டைப் பார்த்தார்.

"இதுல நாப்பத்தொண்ணுன்னு இருக்கே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்டு மெஷின் சரியில்லைங்க" என்றேன். அதைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான்.

குழாய் போட்டார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை நான்தான் ஊற்றுகிறேன். வீட்டு மெஷின் பரண்மேல் இருக்கிறது. ஊற்றும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்க்கிறேன்.

"மூஞ்சியைப் பாத்தது போதும்" என்கிறாள். "கையைப் பாருங்க, சிந்துது."