ஆறு கிலோ இருநூறு கிராம்

அவர் லிஃப்ட் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். இருபத்தாறு வருடம் ஊரிலுள்ள உயரமான கட்டடங்களையெல்லாம் கால் நோகாமல் ஏறி இறங்கியவர். அப்படிப்பட்டவருக்கு நாற்பத்தொன்பதாம் வயதில், முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் மலைப்பாதையை முதுகில் பையோடு நடந்தே கடக்க வேண்டும் என்ற எண்ணம் தலைக்கேறியது. ஏறிய எண்ணம் எட்டு வருடம் இறங்கவில்லை. அவரும் கிளம்பவில்லை.

எட்டு வருடமும் நடந்தது ஆயத்தம். சமையலறைத் தராசு சமையலுக்குக் கிடைத்த நாட்கள் குறைவு. காலுறையை ஈரமாக ஒரு முறை, காயவைத்து ஒரு முறை நிறுத்தார். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்துக் கட்டைவிரல் நீளத்துக்குக் கொண்டுவந்தார். பையின் எடை ஆறு கிலோ இருநூறு கிராமைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய நடைக்குழுவின் சட்டம். அவர் மனைவிக்குத் துணி திருத்தும் கடையில் வேலை. அவளிடம் சட்டையைக் கொடுத்து, பொத்தான்களைப் பிரித்துவிட்டு நூல் முடிச்சு வைக்கச் சொன்னார். நாலு கிராம் மிச்சமானது. அன்று முழுக்க வீட்டில் ஒரு ராஜநடை. அந்த எட்டு வருடத்தில் அவர் உடம்பில் கூடிய பதினோரு கிலோவை எந்தப் பட்டியலிலும் யாரும் எழுதவில்லை.

பிறகு ஒரு காலை, அடுக்குமாடி ஒன்றில் சோதனை செய்துகொண்டிருந்தபோது, ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் இதயம் நின்றுபோனது. லிஃப்ட் ஒழுங்காக எட்டாம் மாடி வரை போய்க் கதவைத் திறந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த மனைவிக்கு ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அவன் ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் வீட்டுல விடலை."

அவள் தம்ளரை இன்னொரு முறை கழுவினாள். பொய் என்று சொல்ல முடியாது. மகளுக்குப் பரீட்சை என்று ஒரு வருடம், கூரை ஒழுகுகிறது என்று ஒரு வருடம், கடையில் வேலை குவிந்துகிடக்கிறது என்று ஒரு வருடம், "அடுத்த தடவை பாத்துக்கலாங்க" என்று சொன்னவள் அவள்தான். ஒவ்வொரு முறையும் அவர் பெருமூச்சு விட்டு, "சரி, உனக்காக" என்றார். அந்தப் பெருமூச்சு இப்போது அவளிடம் தங்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்கும்போது வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வந்தது. நான்தான் தடுத்தேனா என்ற கேள்வியோடு வந்தது.

ஒன்பது வாரம் கழித்து வன அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். பாதையில் நடக்க அவருக்கு அனுமதி, பத்து நாளுக்கு. உரியவர் வர முடியாவிட்டால் கடிதத்தோடு வேறு இருவர் வரலாம், பதிலுக்குத் தனியாளாக வர அனுமதி இல்லை.

அவர் நடக்காததைத் தான் நடந்துவிட்டால் அந்தக் கேள்வி வாயை மூடும் என்று அவளுக்குத் தோன்றியது. துணைக்கு ஓர் ஆள் வேண்டும். சனிக்கிழமை மாலை, செருப்புக் கடை மாடியில் கூடும் நடைக்குழுவிடம் போனாள். தலைவர் ஒரு பல் டாக்டர். கடிதம் கைக்குக் கை போனது. ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள்.

"பொக்கிஷம்மா இது" என்றார் டாக்டர்.

"அப்ப யாராவது ஒருத்தர் என்கூட வாங்க."

பேங்க் மேனேஜர் தன் ஷூவைக் குனிந்து பார்த்தார். "இது இன்னும் காலுக்குப் பழகலைங்க. மூணு வருஷமா வீட்டுக்குள்ள போட்டுப் பழக்கிட்டிருக்கேன்."

"நீங்க, டீச்சர்?"

பூகோள டீச்சர் தொண்டையைச் செருமினார். "புது கூடாரம் ஒண்ணு வருதாம். இதைவிடத் தொண்ணூறு கிராம் கம்மி. அது வர்றதுக்குள்ள கிளம்புறது புத்திசாலித்தனமா?"

"டாக்டர்?"

"அவசரப்படாதீங்கம்மா. நடக்கிறதுன்னா சும்மாவா? முதல்ல ஒரு துணைக்குழு போடுவோம்."

துணைக்குழுவில் யார் யார் என்று அவர்கள் வாக்கெடுத்துக்கொண்டிருந்தபோது அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

விஷயம் எப்படியோ அண்ணி காதுக்குப் போனது. அண்ணி என்றால் அவருடைய அக்கா, பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையில் மேற்பார்வை. நூறு பேருக்கான பாத்திரத்தை ஒற்றை ஆளாக அடுப்பிலிருந்து இறக்குகிறவள். நாத்தனார் முறைக்கு வேண்டிய கெடுபிடி எதிலும் குறை வைக்காதவள்.

"நான் வரேன். என் தம்பி பேருல வந்த லெட்டர்" என்றாள் போனில்.

பதினேழு கிலோ பையோடு வந்தாள். தலையணை இருந்தது. மடக்கு நாற்காலி இருந்தது.

"அண்ணி, ஆறு கிலோ இருநூறு கிராம்தான் கணக்கு."

"அது யார் போட்ட கணக்கு? பல்லு புடுங்குறவன் போட்டது. நட."

முதல் நாள் நன்றாகவே போனது. மழை பெய்து ஓய்ந்த மரங்கள், காலடியில் மெத்தை மாதிரி சருகு. தோள் வலித்தது, ஆனால் மூச்சு அவளுடையதாக இருந்தது. ஊரை விட்டு வெளியே வந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் பகலில் பாதை காணாமல் போனது. அவர் வைத்திருந்த வரைபடத்தை விரித்தார்கள். பாதை தாளின் வலது ஓரம் வரை வந்து நின்றது. நாலு விரற்கடை கீழே, அதே ஓரத்தில் மறுபடி உள்ளே வந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"இங்கேருந்து இங்க வரைக்கும் எங்கடி வழி?"

அவள் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். கத்தரியால் நேராக வெட்டியிருந்தது. அவளுடைய கத்தரி. பன்னிரண்டு வரைபடங்களுக்கும் ஓரம் நறுக்கி அவர் முப்பத்தைந்து கிராம் மிச்சம் பிடித்தது நினைவுக்கு வந்தது.

"குப்பைத் தொட்டியில அண்ணி. போன வருஷமே போயிடுச்சு."

அண்ணி நாற்காலியை விரித்து உட்கார்ந்து, செத்துப்போன தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கும் சொல்ல நாலு வார்த்தை இருந்தது. சொன்னாள். இத்தனை வாரமாக அவரைப் பற்றி நல்லதையே பேசிப் பேசி நாக்கு மரத்துப்போயிருந்தது.

தட்டுத் தடுமாறி, மூன்றாம் நாள் மதியம், அனுமதிக் கடிதங்களைக் கவனிக்கும் வனச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒற்றை அறை, ஒரு மேசை, மூக்குக்கண்ணாடி போட்ட எழுத்தர். கடிதத்தை வாங்கிப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"லிஃப்ட் சாரா? வந்துட்டாரா கடைசியில?"

"அவர் தவறிட்டாருங்க. நாங்க அவரோட சொந்தக்காரங்க. அவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"அடடா" என்று கண்ணாடியைக் கழற்றினார். "நேர்ல பாத்ததில்லைம்மா. ஏழு வருஷமா அனுமதி கேட்டு எழுதுவாரு. நாங்களும் கொடுப்போம். ஒவ்வொரு தடவையும் புறப்பட நாலு நாள் இருக்கிறப்ப ரத்து பண்ணச் சொல்லிக் கடிதம் வரும். இந்தத் தடவைதான் வரலை."

"ஏன் ரத்து பண்ணினாராம்?"

எழுத்தர் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்துப் பிரித்து வைத்தார். ஆறு கடிதம், ஆறும் அந்தக் குண்டு குண்டு எழுத்து. முதல் கடிதம், பை இன்னும் நானூறு கிராம் கூடுதலாக இருப்பதால் வர இயலவில்லை. அடுத்த ஐந்தும் ஒரே வரி. மனைவிக்கு உடல்நிலை மிகவும் மோசம், விட்டுவிட்டு வர மனமில்லை.

ஐந்து வருடமும் அவள் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. "அடுத்த தடவை" என்று அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கடிதம் போயிருக்கிறது. தேதிகளைப் பார்த்தாள். பிறகுதான் பெருமூச்சு, பிறகுதான் "உனக்காக". பயந்திருக்கிறார். பயம் என்று எழுதப் பேனா வரவில்லை.

"நல்ல மனுஷன்" என்றார் எழுத்தர். "ஒவ்வொரு கடிதத்தையும் இங்க எல்லாரும் படிப்போம். அந்தம்மா எப்படி இருக்காங்க இப்ப?"

அண்ணி வாயைத் திறந்தாள். அவள் மேசைக்கு அடியில் அண்ணியின் காலை மிதித்தாள்.

"தேறிட்டாங்க" என்றாள். "எழுந்து நடக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"நல்லதும்மா" என்று அவர் மனதார முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்து அண்ணி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பிறகு, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"துக்க வீட்டுல அப்படிப் பேசினது நான்தான்."

"தெரியும் அண்ணி. உங்க குரலை அடையாளம் தெரியாதா?"

"எவ்வளவு பெரிய புளுகன் பாரு அவன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதி சிரிப்பிலேயே அழுகையும் வந்தது. அண்ணி முதுகில் கை வைத்து, அவள் முடிக்கும் வரை நின்றாள்.

"இன்னிக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்னு அவன் அட்டவணையில எழுதியிருக்கான்?"

"முப்பத்தெட்டு கிலோமீட்டர்."

"நாம?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தாள். மேட்டின் மேல் ஒரு வளைவு, அதற்கப்பால் ஓடைச் சத்தம்.

"அந்தத் தண்ணி வரைக்கும் போவோம் அண்ணி. போயிட்டு யோசிக்கலாம்."