கை படாத கப்பல் காசுகள்

நாற்பதைத் தாண்டி, சொந்தமாக மருந்துக்கடை நடத்தி, வருகிறவர்களெல்லாம் மேடம் என்று கூப்பிடுகிற நிலைக்கு வந்த பிறகும் வீட்டில் அவள் சின்னவள்தான். அக்காவுக்குப் பின்னால் பிறந்தவள் என்பதைத் தவிர அந்தப் பேருக்கு வேறு காரணம் கிடையாது. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்தது, வந்த வழியே போய்விட்டது. அவளும் அதைத் தேடிக்கொண்டு போகவில்லை.

நாணயம் சேர்க்கும் பித்து அவளுக்கு அத்தானிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அக்காவின் கணவர் நில அளவையாளர்; பேச உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராதபடி பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில், "ரெண்டு பைத்தியமும் கிளம்பியாச்சா?" என்று அக்கா கேட்க, இருவரும் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்த நாணயக் கடைக்குக் கிளம்புவார்கள். கடைக்காரர் எந்நேரமும் நெற்றியில் ஒரு லென்ஸை ஏற்றிவைத்துக்கொண்டே திரிவார். அதனால் ஊரே அவரைப் பூதக்கண்ணாடி என்றது. போனை எடுத்தால் அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

அத்தான் இன்னதென்றில்லாமல் கிடைத்ததை வாங்குவார்; சின்னவள் சேர்த்தது கப்பல் காசு. வெள்ளி. ஒரு பக்கம் பாய் விரித்த கப்பல், மறுபக்கம் கொண்டை போட்ட ஒரு பெண்ணின் முகம். பழைய அரசாங்கம் வருஷா வருஷம் அடித்து, பிறகு நிறுத்திவிட்ட வரிசை. வருஷத்துக்கு ஒன்று வீதம் அத்தனையையும் சேர்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

முதல் நாளே பூதக்கண்ணாடி ஒரே வருஷத்துக் காசுகள் இரண்டை வெல்வெட் துணியில் வைத்தார். ஒன்று அச்சடித்த நாளிலிருந்து யார் கையிலும் புழங்காதது. கடைப் பேச்சில் யூஎன்சி. லேசாகச் சாய்த்தால் வெளிச்சம் காற்றாடி மாதிரி அதன் மேல் சுற்றியது. இன்னொன்று கொஞ்ச காலம் புழங்கியது. அந்தப் பெண்ணின் கன்னத்திலும் கொண்டை உச்சியிலும் மட்டும் மேடு தேய்ந்திருந்தது. பாய், கயிறு, எழுத்து எல்லாம் தெளிவாகவே இருந்தன. சின்னவளின் கை பளபளப்பானதைத்தான் தேடிப் போனது.

அத்தான் தொண்டையைச் செருமினார். "அது காசே இல்ல, சின்னவளே. பிறந்ததுலேர்ந்து தொட்டிலை விட்டு இறங்காத குழந்தை. இதைப் பாரு. இது சந்தைக்குப் போயிருக்கு, பந்தயத்துல தோத்திருக்கு, யாரோ ஒருத்தி தலையணைக்கு அடியில வச்சுட்டுத் தூங்கியிருக்கா."

அதோடு விடவில்லை. யூஎன்சியை விளிம்பில் பிடித்துத்தான் தூக்க வேண்டும், விரல்ரேகை பட்டால் கதை முடிந்தது என்றார். தேய்த்து மெருகேற்றிய காசுகளும் அதே பேரில் உலவுகின்றன என்றார். லேசாகப் புழங்கியதென்றால் விலை கட்டுப்படியாகும், வரிசையும் சீக்கிரம் நிறையும். எல்லாம் நியாயமான பேச்சு. ஒன்றில்கூடப் பொய் கிடையாது. பிற்பாடு அவளை அதிகமாகச் சுட்டது அதுதான்.

அன்றிலிருந்து அவள் புழங்கிய காசுகளாகவே வாங்கினாள். வாங்க வாங்கப் பிரியமும் வந்தது. ஒவ்வொன்றிலும் தேய்மானம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதே அவளுக்குப் பொழுதுபோக்காயிற்று. புழங்காதது வந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். ஒரே ஒரு முறை மட்டும் கை விடமாட்டேன் என்றது. அச்சில் விழுந்த விரிசலால், கப்பலின் முன்னால் மயிரிழை போல ஒரு கோடு, கடலுக்குள் கயிறு விட்ட மாதிரி இறங்கியிருந்தது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் இஷ்டம்," என்றார் அத்தான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "ஆனா உன் வரிசையில அது மட்டும் பவுடர் பூசிட்டு நிக்கும்."

வைத்துவிட்டாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு நாள் பூதக்கண்ணாடிக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோய், கடையை விட்டு வர முடியவில்லை என்று போன் செய்தார். அத்தான் அளவை வேலையாக வெளியூர் போயிருந்தார். சின்னவள் தனியாக மாடி ஏறினாள். மாத்திரையை வாங்கிக்கொண்ட மனுஷன், சாதாரணமாகக் கேட்டார்.

"உங்க யூஎன்சி வரிசையில இன்னும் ஒன்னுதான் பாக்கின்னு அத்தான் சொன்னாரு. அந்த வருஷத்துக் காசு வந்திருக்கு. எடுத்துட்டுப் போறீங்களா, அவரே வரட்டுமா?"

எந்த வரிசை என்று அவள் கேட்டாள்.

"உங்களோடதுதான். நீங்க பார்த்துட்டு வச்சுட்டுப் போறதையெல்லாம் மறுநாளே வந்து வாங்கிட்டுப் போவாரே. சின்னவளுக்குச் செலவு பண்ணக் கூச்சம், மொத்தமா சேர்த்துக் குடுக்கப்போறேன்னு சொல்வாரு. அதனால நானும் வேற யாருக்கும் காட்டினதில்ல."

அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் மனசுக்குள் அத்தானுக்காக வாதாடிக்கொண்டே போனாள். நிஜமாகவே பரிசாக இருக்கலாம். ஒரு நாள் திடீரென்று கொண்டுவந்து நீட்டுவார், நாமும் வெட்கப்பட்டுச் சிரிப்போம். அந்த நினைப்பு அக்காவைப் பார்த்ததும் செத்தது. அத்தான் கப்பல் காசு சேர்க்கிறாரா என்று கேட்டதற்கு அக்கா திரும்பவே இல்லை. துடைத்துக்கொண்டிருந்த தட்டையே மறுபடி துடைத்தாள். பிறகு அளவைக் கருவிகள் வைக்கிற அறைக்குக் கூட்டிப்போய் ஒரு இழுப்பறையைத் திறந்துவிட்டாள்.

கண்ணாடிச் சிமிழ்களில் வருஷ வாரியாக, அவள் வேண்டாமென்று வைத்த காசுகள். ஒன்றை எடுத்துச் சாய்த்தாள். வெளிச்சம் சுற்றியது. நடு வரிசையில் மயிரிழைக் கோட்டோடு அந்தக் கப்பலும் இருந்தது.

"எனக்கு இதுல ஒன்னும் புரியாதுடி. சின்னவகிட்ட சொல்லாதேன்னாரு. நீயும் குஷியாத்தானே வந்து போயிட்டு இருந்தே. நான் எதுக்கு நடுவுலன்னு..."

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தாள். சாயங்காலம் அத்தான் வந்து, திறந்திருந்த இழுப்பறையைப் பார்த்தார். காலணியைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்த பிறகுதான் பேசினார்.

"ஊர்ல இருக்கறது ஒரே கடை. நல்ல யூஎன்சி எப்பவாவதுதான் வரும். ரெண்டு பேரும் ஒன்னுக்கே கை நீட்டினா என்ன ஆகும்?"

"கேட்டிருந்தா விட்டுக்குடுத்திருப்பேனே அத்தான்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு பழைய குரலைத் தேடிப் பிடித்தார். "நான் சொன்னதுல எது பொய், சொல்லு. உனக்கு அந்தக் காசுங்க பிடிச்சுதானே இருந்துது?"

பிடித்துத்தான் இருந்தது. மயிரிழைக் கோட்டுக் காசை அவர் எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. அக்கா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அதற்கும் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் மருந்துக்கடையைத் திறப்பதற்கு முன்பே பூதக்கண்ணாடியின் மாடிக்குப் போனாள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். இத்தனை நாளும் அந்தப் புளுகை நம்பி வந்ததை நினைத்து மனுஷன் கூசிப்போனார். அத்தானுக்காக எடுத்துவைத்த அந்தக் கடைசிக் காசை எடுத்து அவள் முன் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது தேவையில்லை. அத்தானுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். வாங்கிப் படியிறங்கும்போது மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அந்தக் குளிர்ச்சி சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. வீட்டில் புதுக் காசையும், அதே வருஷத்துப் புழங்கிய காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கண் தானாகவே தேய்ந்த கன்னத்துக்காரியிடம் போய் நின்றது. இது என் பிரியமா, அவர் ஊட்டிவிட்டதா? வேண்டுமென்றே பளபளப்பானதைப் பார்த்தாள். அதுவும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதை ரசிக்கிறோமா, அவர்மேல் உள்ள கோபத்துக்காக ரசிக்கப் பார்க்கிறோமா என்று தெரியவில்லை. காசு போனால் போகட்டும். தன் கண்ணையே தன்னால் நம்ப முடியாமல் செய்துவிட்டாரே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் அத்தான் மருந்துக்கடைக்கு வந்தார். மற்றவர்களோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் அக்காவுக்கு மூட்டுவலித் தைலம் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். போகாமல் நின்றார்.

"பூதக்கண்ணாடி சொன்னாரு. நீதான் வாங்கினியாமே. அதை வச்சு என்ன பண்ணப்போறே?"

"இன்னும் தெரியல."

"ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"நான் தனியாப் போய்க்கறேன், அத்தான்."

பின்னால் நின்ற பெரியவர் மருந்துச் சீட்டை நீட்டினார். அத்தான் விலகி வழிவிட்டார். சின்னவள் சீட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மருந்தின் பெயரை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.