கல்லறை வாசலோடு நின்றவர்

பெரியநாயகசாமி காலை ஏழு மணிக்குக் கண்ணை மூடினார். எட்டு மணிக்கெல்லாம் அவரை எங்கே புதைப்பது என்ற பேச்சு வந்துவிட்டது. ஐப்பசி அடைமழை. பூதலூர்ப் பக்கம் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடந்தன. கல்லறைத் தோட்டத்தில் மூன்றடி வெட்டினாலே தண்ணீர் ஊறும். இடத்துக்கும் பஞ்சம். அந்தப் பங்குக் கோயிலில் ஒரு குடும்பத்துக்கு ஒரு குழிதான். பத்து வருஷம் ஆகியிருந்தால் அதையே திறந்து, உள்ளே இருப்பவரின் எலும்பை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக வந்தவரை இறக்குவார்கள்.

அவர்கள் குடும்பத்துக் குழியில் ஜெனித் இருந்தான். பெரியநாயகசாமிக்கும் அமலிக்கும் ஒரே மகன். பத்தொன்பது வயதில் போனவன். போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது.

“தம்பியைக் கிளற வேண்டாம்மா,” என்றாள் மகள் ஜெனிட்டா. திருச்சியிலிருந்து முந்தின நாளே வந்திருந்தாள். “வாய்க்கால் ஓரமா ஒரு ஆளுக்கு இடம் இருக்காம். ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. அப்பாவை அங்க வெச்சிடலாம்.”

ஃபாதர் சரி என்பார், ஜெனிட்டா சரி என்பாள். அவர்களுக்கென்ன? மூன்று நாளைக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் ஒரு வாக்கைக் கொடுத்துத் தொலைத்தவள் அமலிதானே.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைப்பது ஜெனித் வேலை. மும்முனைக் கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டாரைப் போட வேண்டும். பையன் அசந்து தூங்கிவிட்டான். மறுநாளும் தூங்கிவிட்டான். நாற்று கருகிப்போனது. சரி, போனால் போகிறது, விதை வாங்கி மறுபடி விட்டால் ஆயிற்று. ஆனால் பெரியநாயகசாமிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். தெருவே கேட்க வாசலில் நின்று கத்தினார்.

“நான் செத்தா என் குழிக்கு நீ ஒரு பிடி மண்ணு போடக் கூடாது. என் பக்கத்துலயே வராதே.”

பையன் செருப்பை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். சாயங்காலம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் லாரி அடித்துவிட்டது.

அடக்கத்துக்கு வந்த பெரியநாயகசாமி கல்லறை வாசலோடு நின்றுவிட்டார். ஊரெல்லாம் மண் போட்டது. பெற்றவர் போடவில்லை.

அமலி வேறு மாதிரி. அவளுக்கு மோட்சம் என்பது திருச்சி மாதிரி, பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற ஊர். அவளுடைய பஸ் வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். திங்கட்கிழமை தவறாமல் கல்லறைக்குப் போவாள். கோரைப்புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, மகனிடம் வீட்டுச் சேதி சொல்வாள். அக்காவுக்குப் பெண் பிறந்தது, பசு கன்று போட்டது, சம்பாவில் புகையான் பூச்சி அடித்தது, எல்லாம். “மீதியை நேர்ல வந்து சொல்றேன்டா” என்று முடிப்பாள். அழுவதும் உண்டு. அழுதுவிட்டு நேரே வயலுக்குப் போய்க் களை எடுப்பாள்.

அவளை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து விடுவது யார் என்கிறீர்கள்? சாட்சாத் பெரியநாயகசாமிதான். பதினொரு வருஷத்தில் ஒரு திங்கள் தவறியதில்லை. புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வெளியே நிற்பார். கூப்பிட்டால், “நீ போயிட்டு வா. நான் செத்து அங்க போயி அவன்கிட்ட பேசிக்கிறேன்” என்பார். வீம்பு பிடித்த மனுஷன் என்று அமலி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

படுக்கையில் விழுந்த பிறகுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. மூன்று நாளைக்கு முன்னால், கஞ்சி புகட்டும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அமலி, அங்க அவன் என்னைப் பாக்க வருவானா?”

“ஏன் வராம?”

“பக்கத்துல வராதேன்னு சொல்லிட்டேனே. சொன்ன பேச்சைக் கேக்கற புள்ள அவன். அங்கயும் எட்டவே நின்னுட்டான்னா?”

அமலி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நரகத்துக்கு அந்த மனுஷன் பயப்படவில்லை. மோட்சத்துக்குத்தான் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு பதினொரு வருஷம் வெயிலிலும் மழையிலும் வெளியே நின்றிருக்கிறார். வீம்பு என்று திட்டிய வாயை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

“வருவான். உங்க பக்கத்துலயே வந்து நிப்பான். நான் சொல்றேன்ல, நம்புங்க,” என்றாள். அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. அப்புறம் பேச்சு வரவில்லை.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இப்போது அப்பா வாய்க்கால் ஓரம், பிள்ளை சுவர் ஓரம் என்று ஆளுக்கொரு மூலையில் படுக்க வைப்பதா? ஆனால் குழியைத் திறப்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் அவள் சேதி சொன்னது சுருட்டை முடியும் தெற்றுப்பல்லும் உள்ள பையனிடம். குழிக்குள் அவன் இப்போது எப்படி இருப்பான் என்று நினைத்துப் பார்க்க அவள் ஒருநாளும் துணிந்ததில்லை.

“தம்பி குழியையே திறக்கச் சொல்லு,” என்றாள்.

“உன்னால தாங்க முடியாதும்மா.”

“முடியாதுதான். திறக்கச் சொல்லு.”

நாலு மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. பெரியநாயகசாமி பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அந்த வாசலைத் தாண்டினார், அதுவும் நாலு பேர் தூக்கி. குழி வெட்டும் அண்ணாதுரை இன்ஜின் வைத்துத் தண்ணீரை இறைத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு மூங்கில் கூடை. அதில் களிமண் அப்பிய எலும்புகள். அவ்வளவுதான் ஜெனித். பார்க்கக் கூடாது என்றுதான் அமலி வந்தாள், பார்த்துவிட்டாள்.

“அக்கா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க,” என்றார் அண்ணாதுரை, கையில் தண்ணீர் வாளியோடு. “கழுவி, சாக்குல கட்டி, அண்ணன் காலடியில வெச்சிடறேன். அதான் வழக்கம்.”

“கழுவாதீங்க. அவன் படுத்திருந்த மண்ணு, இருக்கட்டும்.”

கொண்டுவந்திருந்த கணவரின் வெள்ளை வேட்டியை ஈரத் தரையில் விரித்தாள். கூடையைத் தானே சாய்த்து, மண்ணோடு சேர்த்து மடித்துத் தூக்கினாள். பிறந்த அன்று தூக்கிய கனம்கூட இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஃபாதரிடம் போனாள்.

“பெட்டிக்குள்ள வெக்கணும் ஃபாதர். அவரு கைக்குள்ள.”

ஃபாதர் சின்ன வயசுக்காரர். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அதில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை போலும். “வைங்கம்மா” என்றார்.

மூடியைத் திறந்தார்கள். அமலி குனிந்து, அவருடைய வலது கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மூட்டையை வைத்தாள்.

“ஏங்க, ஜெனித் வந்துட்டான்,” என்றாள்.

கையை எடுக்கும்போது வேட்டி மடிப்பு நெகிழ்ந்தது. ஒரு பிடி கருமண் சரிந்து பெரியநாயகசாமியின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. ஜெனிட்டா பதறிப்போய்த் தட்டிவிடக் கையை நீட்டினாள். அமலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தட்டாதே. அது தம்பி போட்ட மண்ணு.”