கையை எங்கே வைப்பது

ஒரே பாட்டில் ஐந்து பத்தாண்டுகள் வர வேண்டும் என்று டைரக்டர் சொன்னபோது, யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டேன். டான்ஸ் மாஸ்டராக எனக்கு அதுதான் முதல் பாட்டு. அதுவரை வேறு மாஸ்டர்களிடம் உதவியாளராக இருந்து, ஆடிக் காட்டியே முட்டி தேய்ந்தவள். கேமராமேன் என் வீட்டுக்காரர். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

பழைய பாட்டுகளைப் போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. அந்தந்தக் காலத்தில் ஜனங்களிடம் என்ன இருந்ததோ அது பாட்டில் வராது. என்ன இல்லையோ அதுதான் வரும். வேலை கிடைக்காமல் இளவட்டங்கள் அலைந்த காலத்தில், ஹீரோ வெள்ளி ஜாக்கெட் போட்டுக்கொண்டு விளக்கு எரியும் தரையில் ஆடினான். குடும்பங்கள் தனித்தனியாகப் பிரிந்த காலத்தில், பாட்டில் மட்டும் ஒரு பட்டாளமே சொந்தக்காரர்களாக வந்து குதித்தது. ஊரே விசாவுக்கு வரிசையில் நின்றபோது, ஹீரோயின் மெல்லிசான உடையில் பனிமலையில் நின்றாள். பாவம், ஜலதோஷம் பிடித்திருக்கும். இப்போதைய பாட்டில் இரண்டு பேரும் கொஞ்சிக்கொண்டே சேர்ந்து சமைக்கிறார்கள். வீட்டிலோ நாம் போனில் ஆர்டர் போடுகிறோம்.

இந்த நான்கையும் எடுத்து முடித்துவிட்டோம். மிச்சம் இருந்தது முதல் பத்தாண்டு. நாலு பேர் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசாத காலம் அது. அதனால் பாட்டில் ஒரு பூங்காவே அவர்களுக்கு. ஆனாலும் தொடக்கூடாது. நடுவில் ஒரு மரம். ரொம்ப நெருங்கினால் கேமரா வெட்கப்பட்டு இரண்டு பூவைப் பார்க்கப் போய்விடும்.

எங்கள் ஹீரோவுக்கு அந்தரத்தில் பல்டி அடிக்க வரும். சும்மா நிற்க வரவில்லை. நிற்கச் சொன்னால் கை தானாக ஹீரோயின் இடுப்புக்குப் போயிற்று.

"தம்பி, தொடக்கூடாது."

"அப்ப கையை எங்க மாஸ்டர் வைக்கிறது?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சாயங்காலம் செட்டைப் பிரித்துவிடுவார்கள். அதற்குள் இந்த ஷாட் வராவிட்டால் பாட்டை வேறு மாஸ்டரிடம் கொடுத்துவிடுவதாக டைரக்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துச் சொன்னால் நிஜம் என்று அர்த்தம்.

அதைவிட எனக்கு எரிந்தது வேறு. முந்தைய நாள் கூட்ட நடனத்தில் ஒரு வரிசை தப்பாகத் திரும்பியதற்கு, என் வீட்டுக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: "உனக்கு நல்லா ஆட வரும். ஆட வைக்கத்தான் வரல."

அதோடு பேச்சை நிறுத்தினேன். காலையில் ஒரே காரில்தான் வந்தோம். வழியெல்லாம் ரேடியோதான் பேசியது. இப்போது இந்த ஷாட் சொதப்பினால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். வேலை போனாலும் பரவாயில்லை, அது மட்டும் நடக்கக்கூடாது.

ஆனால் பேசாமல் படம் எடுக்க முடியுமா? எங்களுக்கு நடுவே மரத்தடியில் நின்ற ஹீரோதான் அகப்பட்டார்.

"கேமராமேன்கிட்ட சொல்லுங்க தம்பி, கேமராவைக் கொஞ்சம் இறக்கி வைக்கணும்."

"சார், கொஞ்சம் இறக்கணுமாம்."

"மாஸ்டர்கிட்ட சொல்லுங்க, இறக்கினா செட்டோட ஓட்டை தெரியும்."

லட்ச லட்சமாய் வாங்குகிற மனுஷன், எங்கள் வீட்டுச் சண்டைக்குத் தூது போய்க்கொண்டிருந்தார். நான் மானிட்டர் முன்னால், கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. டேக் மேல் டேக் போயிற்று. ஹீரோ பேண்ட் பைக்குள் கையை விட்டால் போலீஸ்காரர் மாதிரி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டால் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த டேக்குக்கு முன் ஹீரோ, "மாஸ்டர், நானா ஒண்ணு பண்ணிப் பாக்குறேன்" என்றார். ஆவது ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாட்டு ஓடியது. ஹீரோயின் மரத்தைத் தாண்டிப் போனாள். ஹீரோ கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, ஓரடி எடுத்து வைத்து, நின்றார். அவள் முதுகையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கினார். அவள் திரும்பியதும் அவசர அவசரமாகக் குனிந்து தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

"ஓகே!" என்று டைரக்டர் கத்தினார். "பேக்கப்! ஷூட்டிங் முடிஞ்சுது!"

ஓடிப்போய் ஹீரோவைப் பிடித்தேன். "எங்க தம்பி கத்துக்கிட்டீங்க இதை?"

"சார்கிட்டதான்."

"எந்தச் சார்?"

"உங்க சார்தான். நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து கண்ணைத் துடைச்சீங்கல்ல? அப்போ இப்படித்தான் நின்னாரு. நீங்க திரும்பினதும் லென்ஸைத் துடைக்க ஆரம்பிச்சிட்டாரு."

நான் கேமரா பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

கேமராவை மூடிவிட்டு என் வீட்டுக்காரர் வந்தார். என்னைப் பார்க்காமல் ஹீரோவிடம் சொன்னார்: "மாஸ்டர்கிட்ட சொல்லுங்க, நேத்து நான் பேசினது தப்பு. அவங்களுக்கு ஆட வைக்கவும் வருது."

"நீங்களே சொல்லுங்க சார். நான் மேக்கப் கலைக்கணும்" என்று ஹீரோ நழுவிவிட்டார்.

நடுவில் மரம் மட்டும்தான் இருந்தது. அதையும் ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் எதிரே நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பின்னால் கோத்துக்கொண்டார்.

பேக்கப்தான் சொல்லியாயிற்றே. நான் போய் அந்தக் கையைப் பிடித்தேன்.