செசிலி ரீச்சரின் படிகள்

முகைதீன்பாவா மகள் கைருன்னிஸாவுக்கு மூன்று நிபந்தனை வைத்தார். கல்முனையில் அவள் தங்கும் இடம் துப்புரவாக இருக்க வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். பின்னேரம் நாலரைக்குப் பொத்துவில் பஸ் புறப்படுமுன் கிடைத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால், தபால் கந்தோர் வேலைக்கு வந்த கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அதே பஸ்ஸில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கிடைக்கக்கூடாதென்றே வாப்பா உள்ளுக்குள் அல்லாஹ்விடம் துஆக் கேட்டுக்கொண்டிருந்தார். கைருன்னிஸாவுக்கு அது நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை வந்து குடியேறுவார். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை தானே வீடு தேடி அலைந்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

காலையிலிருந்து நாலு இடம் பார்த்தாயிற்று. ஒன்றில் கிணறு முழுக்கப் பாசி. ஒன்றில் சுவரெல்லாம் வெற்றிலைத் துப்பல். மற்ற இரண்டிலும் வாப்பா வாசலோடு திரும்பிவிட்டார். போதாக்குறைக்கு மார்கழி மழை வேறு. மூன்றேமுக்காலுக்குச் சேறு மிதித்துப் பஸ் நிலையத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

எதிரே ஒரு மூன்று மாடிக் கட்டடம். காலையில் பஸ்ஸால் இறங்கியதும் கண்டதுதான். பளிச்சென்று இருந்ததால் ஏதோ வங்கி என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தார்கள். இப்போது மேல்மாடிப் பல்கனியின் கூரைக்கடியில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"வாப்பா, அது ஊடு!"

குறை பிடிக்கும் அவசரத்தில் அவர்தான் முதலில் ஏறினார். சிவப்புச் சாயமிட்ட படிகளில் முகம் பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் அவருடைய சேற்றுக் கால் பதிந்தது. மேலே கதவு திறந்தது. கட்டடத்துக்குச் சொந்தக்காரியான செசிலி ரீச்சர், ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறாதவர்.

"ஆர் காக்கா நீங்க? வயலுக்குள்ளால நேரா என்ட படிக்கே வாறீங்களா?" காக்கா என்று அண்ணன் முறை வைத்து அழைத்தாலும் அதட்டல் குறையவில்லை.

வாப்பா அவசரமாகத் திரும்பி இறங்க, இன்னும் பத்துப் பதிவு விழுந்தது. கைருன்னிஸா கீழே குழாயடியில் கால் கழுவினாள். வாளியிலிருந்த துணியைப் பிழிந்தெடுத்து, மேற்படியிலிருந்து கீழ்ப்படிவரை துடைத்தாள். மூலைகளையும் விடவில்லை.

ரீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். "இந்தப் படியை ஆறு வீட்டுக்காரரும் முறை வைச்சுத் துடைக்கிற. மூலை துடைக்கிற ஆளை இப்பதான் காணுறன். ரெண்டாம் மாடியில ஒரு வீடு வெறுமையா இரிக்கி. வேணுமா பிள்ளை?"

"ஓம் ரீச்சர்!"

"குமர்ப்புள்ள தனிய..." என்று வாப்பா இழுத்தார்.

"நானும் தனியத்தான் இரிக்கன் காக்கா. அடுத்த வீட்டில சபியா உம்மா குடும்பம். நீங்களும் எப்பயும் வரலாம், காலைக் கழுவிப்போட்டு."

வாப்பா காலைக் கழுவிவிட்டு வந்து வீடெல்லாம் பார்த்தார். சன்னல் கட்டையை விரலால் தடவினார், தூசு இல்லை. பல்கனியில் நின்றால் பொத்துவில் பஸ் கொண்டக்டரின் பையே தெரிந்தது. மணி நாலே கால். மகளின் தலையைத் தடவிவிட்டு இறங்கினார். அவர் தோற்ற முகத்தோடு போவது கைருன்னிஸாவுக்கு வலித்தது.

பஸ் ஏறும்போது அவர் நின்றார். கொண்டக்டரின் தோளைப் பிடித்து மேலே காட்டினார். மகளைக் கட்டிக் கொடுத்த வாப்பாமார் மட்டுமே சொல்லும் அந்தச் சொல்லை, தெருவே திரும்பிப் பார்க்கச் சொன்னார்:

"அந்தா, ரெண்டாம் மாடி! எங்கட மகள்ட ஊடு. அவளாத் தேடி எடுத்த ஊடு!"