ஆறு சீட்டுகள்

தேடப்படும் யாரோ ஒருத்தியின் பெயரும் பிறந்த தேதியும் தையல்கார அக்காவுக்கும் அமைந்துவிட்டதால், மகளைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் விமான நிலையத்தில் அவளை ஓரங்கட்டினார்கள். சோதனை அதிகாரியான பெண் பெட்டியைக் குடைந்துவிட்டு, ‘எதுவும் இல்லை’ என்று சீட்டெழுதிக் கையெழுத்துப் போட்டு, “பத்திரமா வெச்சுக்கோங்க” என்பாள்.

“ஆமா, கண்ணாடி போட்டு மாட்டணுமாக்கும்!” என்று பல்லைக் கடித்தபடி அக்கா அதைக் கைப்பையில் திணிப்பாள்.

இதை எதிர்த்து அக்கா வழக்குப் போட்டபோது, அதுவரை சேர்ந்திருந்த ஆறு சீட்டுகளையும் பார்த்து வக்கீல் துள்ளினார். “அவங்க கையெழுத்தே நமக்குச் சாட்சி!” நீதிமன்றம் தேடப்படுவோர் பட்டியலைத் திருத்தச் சொன்னது.

இன்று யாரும் நிறுத்தவில்லை. அக்காவே அந்த அதிகாரிப் பெண்ணைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்குச் சீட்டு கிடையாதுக்கா,” என்றாள் அவள். “கிளம்புங்க, பொண்ணு காத்திருக்கும்.”